இட்லித் தட்டும் பதினோரு சான்றிதழ்களும்

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மதிப்பெண் மட்டும் போதாது, சாதனைகளும் இருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் நல்ல பாடப்பிரிவு கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பரதநாட்டியம், கணித ஒலிம்பியாட், தமிழ் விவாதம் என்று இதுவரை பதினோரு சான்றிதழ்கள் சேர்த்துவிட்டோம். ஆண்டு இறுதி விடுமுறையில் கம்போடியாவுக்குப் பத்து நாள் தொண்டூழியப் பயணம். அங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்களாம், பணம் கட்டியாயிற்று. தொடக்கநிலை 5 படிக்கும் தம்பிக்கு இரண்டு ஆண்டுகளாக இவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். இட்லித் தட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பின்னம் நடத்துவாள். எனக்குச் சமையலுக்குத் தட்டு கிடைக்காது. நேரம் வீணாகிறது என்று அதை நிறுத்திவிட்டு, அவனுக்கு வெளியில் துணைப்பாடம் வைத்துவிட்டோம். அவன்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். சட்டமோ மருத்துவமோ கிடைக்க இன்னும் என்னென்ன சேர்க்க வேண்டும்?
ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கையே, சேர்க்க வேண்டியதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் கழித்துவிட்ட ஒன்றைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும்.

"அதை நிறுத்திவிட்டு" என்று இரண்டே சொல்லில் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரு பெண் பிள்ளை, பள்ளியும் பயிற்சியும் முடிந்து களைத்து வீடு வந்த பிறகு, தம்பியை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒரு வாரம், ஒரு மாதம் அல்ல, இரண்டு ஆண்டு. அதில் ஓர் ஆண்டு அவளே உயர்நிலைப் பள்ளி முடிவில் வரும் சாதாரண நிலைத் தேர்வு எழுதிய ஆண்டாக இருந்திருக்கும். காகிதத்தில் பின்னம் ஏறாத பையனுக்கு அடுக்களையில் கிடக்கும் ஒரு பாத்திரம் புரியவைக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்! ஒரு தட்டில் நான்கு குழி. மூன்று குழிகளில் கடலையையோ காசையோ போட்டிருப்பாள், அது முக்கால். அதே மாதிரி இன்னொரு தட்டை அருகில் வைத்தால் எட்டில் ஆறு, ஆனாலும் அதே முக்கால்தான். நான் முப்பது ஆண்டு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள். சமப் பின்னத்தைப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு பதினைந்து வயதுப் பெண் தானாகக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறாள். உங்கள் கண்ணில் பட்டதோ சமையலுக்குத் தட்டு இல்லை என்பது.

வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு அன்றாடம் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, அதையே முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குப் பத்து நாள் கொடுத்துவிட்டு வரப் பணம் கட்டியிருக்கிறீர்கள். இதை நீங்கள் தொண்டு என்கிறீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. தொண்டு வேண்டாம் என்று சொல்பவள் நான் இல்லை. ஆனால் உடன்பிறந்தவனுக்குச் செய்ததை வீண் என்று சொல்லி எடுத்துவிட்டு, ஊருக்குச் செய் என்று அனுப்பினால் அந்தப் பெண் என்ன கற்றுக்கொள்வாள்? யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் செய்தது கணக்கில் சேரும் என்று கற்றுக்கொள்வாள்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். விவரங்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பெற்றோர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றும் முதலில் பார்க்கப்படுவது மதிப்பெண்தான். 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி 90க்கு அல்லாமல் 70க்குக் கணக்கிடப்படுகிறது. எச்2 எனப்படும் முதன்மைப் பாடங்கள் மூன்றுக்குத் தலா 20, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத் தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியைக் கூட்டினால் மட்டுமே சேர்க்கப்படும். குழுவாகச் செய்யும் திட்டப்பணியில் தேர்ச்சி பெற்றால் போதும். கல்வி அமைச்சு 2023இல் இதை அறிவித்தபோது, தேர்வு நெருக்கடி குறைந்து பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்தவற்றில் ஈடுபட நேரம் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அப்படிக் கிடைத்த நேரத்தை நீங்கள் சான்றிதழ்களால் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சாதனைகளுக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றல் அடிப்படையிலான சேர்க்கை என்று ஒன்று இருக்கிறது. மதிப்பெண்ணோடு மற்றத் திறன்களையும் பார்த்து எடுக்கும் மாணவர்களின் அளவை 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக 2017இல் உயர்த்தினார்கள். இது யாருக்கு உதவும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் சேர்ந்தவர்களின் தேர்ச்சி நிலையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. சேர்ந்தவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் அடியிலிருந்து பத்தாவது விழுக்காட்டில் நிற்பவர் என்ன வாங்கினார், தொண்ணூறாவது விழுக்காட்டில் நிற்பவர் என்ன வாங்கினார் என்று அதில் இருக்கும். உங்கள் மகள் அந்தக் கீழ் எல்லையை ஒட்டி நின்றால் அவள் செய்த காரியங்கள் அவளைத் தூக்கிவிடலாம். வெகுதூரம் கீழே நின்றால் பதினோரு சான்றிதழ் அல்ல, நூற்றுப்பத்து இருந்தாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு இரண்டு போனஸ் புள்ளி கிடைத்ததே, அதுபோல இங்கும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. அந்தப் புள்ளி தொடக்கக் கல்லூரி வாசலோடு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழை எண்ணிப் பார்த்துப் புள்ளி போடுவதில்லை. விண்ணப்பித்த பாடத்துக்கும் இவள் செய்ததற்கும் என்ன தொடர்பு, எத்தனை காலம் செய்தாள், தானாகச் செய்தாளா என்று பார்க்கிறார்கள். கணித ஒலிம்பியாடில் கலந்துகொண்டதற்குத் தரும் காகிதம், அன்று காலை அவள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டுமே சொல்லும்.

நீங்கள் பெயர் சொன்ன இரண்டு பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தேர்ந்தெடுத்து அழைக்கப்படுபவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. நன்யாங்கின் மருத்துவக் கல்லூரியில் ஒரே நேர்காணலாக இல்லாமல், பிள்ளை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போய் ஒவ்வொன்றிலும் சில நிமிடம் பேச வேண்டும். பல் மருத்துவத்துக்குக் கைத்திறனையே சோதிக்கிறார்கள். இந்த இடங்களுக்கெல்லாம் நீங்கள் தயாரித்த கோப்பு கூட வந்து பேசாது. பிள்ளை மட்டும்தான் போவாள்.

தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு நேர்காணல் ஒத்திகை நடத்திக் கொடுப்பது எனக்கு வழக்கம். ஒரு பையன் நீலக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணம் மட்டும் மூன்று. "அங்கே நீ செய்ததில் எது சரியாக வரவில்லை? அடுத்த நாள் எதை மாற்றினாய்?" என்று கேட்டேன். கோப்பைத் திறந்தான், மூடினான். கடைசியில் "எல்லாம் நன்றாகவே நடந்தது" என்றான். அதே மாதத்தில் ஒரு பெண் வந்தாள். உணவங்காடி நிலையத்தில் அப்பாவின் கடையில் சனி ஞாயிறு நின்றவள். அதே கேள்விக்கு, மதிய வேளையில் வரிசை ஏன் தேங்குகிறது, பணம் வாங்கும் இடத்தை ஓரத்துக்கு மாற்றியபோது என்ன ஆயிற்று, அப்பா ஏன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்து நிமிடம் பேசினாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் ஒரு சான்றிதழும் இல்லை.

உங்கள் மகளிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் எதைப் பற்றிப் பேசுவாள் என்று நினைக்கிறீர்கள்? கம்போடியாவின் பத்து நாளைப் பற்றியா, தம்பிக்குப் புரியாமல்போன மாலைகளைப் பற்றியா?

இதைப் படித்தவுடன் ஒரு காரியம் செய்யத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பன்னிரண்டாவது வரியாக எழுதி, இட்லித் தட்டோடு படம் பிடித்துக் கோப்பில் ஒட்டிவிடாதீர்கள். அது அவளுடையது. சொல்ல வேண்டிய இடம் வந்தால் அவள் சொல்லிக்கொள்வாள்.

பெண் பிள்ளையின் தலையில் வீட்டுச் சுமையை ஏற்றச் சொல்கிறாயா என்று யாராவது கேட்கலாம். தம்பியின் சட்டையைத் தேய்த்துக் கொடு, தட்டைக் கழுவு என்று நீங்கள் சொல்லியிருந்தால் முதலில் திட்டுபவள் நானாகத்தான் இருப்பேன். இது அவளாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. நான் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவளாக வளர்ந்தவள். மண்ணெண்ணெய் விளக்கடியில் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவனுக்கு அறுபது வயதாகிறது. வருமான வரிக் கடிதம் வந்தால் இன்றும் முதலில் எனக்குத்தான் தொலைபேசியில் அழைப்பான். அக்காள் தம்பி என்ற உறவு பிறந்ததாலேயே வந்துவிடுவதில்லை, தங்கையே. ஒரே மேசையில் உட்கார்ந்து, சண்டை போட்டு, அழுது, புரிந்துகொண்டு வருவது அது. உங்கள் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது புது ஆசிரியரைப் பிடிக்காததால் என்று நினைக்கிறீர்களா? அக்காளைப் பறித்துவிட்டீர்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. சட்டமோ மருத்துவமோ என்கிறீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு. மகள் எதை விரும்புகிறாள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அவளிடம் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பதில் இவ்வளவு நாட்டம் உள்ள பெண், நன்யாங் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு படிக்க நினைக்கலாம். உளவியல் என்று சொல்லலாம். உங்கள் விருப்பப்படி சட்டம் என்றே சொல்லலாம். எதைச் சொன்னாலும், அது தெரிந்த பிறகுதான் எந்தச் சாதனை அவளுக்கு உதவும் என்ற பேச்சுக்கே இடம் வரும்.

அப்போது பதினோரு சான்றிதழ்களையும் அவள் முன்னால் பரப்பி வையுங்கள். காகிதம் கிடைக்காவிட்டாலும் எதைத் தொடர்ந்து செய்திருப்பாய் என்று கேளுங்கள். அவள் எடுத்துத் தரும் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வகுப்புகளை விட்டுவிடுங்கள். கம்போடியாவுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும், கட்டிய பணத்தைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள். தொடக்கக் கல்லூரி முடிவில் வரும் மேல்நிலைத் தேர்வு நெருங்கும்போது தம்பியோடு உட்காரும் நேரத்தை வாரம் ஒரு நாளாகக் குறைக்க வேண்டியிருந்தால் அதையும் அவளே முடிவு செய்வாள். இரண்டு ஆண்டு நடத்தியவளுக்கு அது தெரியாதா?

தட்டு விஷயத்துக்கு வழி சுலபம். சிராங்கூன் சாலையில் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு போய், நான்கு குழி உள்ள தட்டு இரண்டு வாங்கி வாருங்கள். பழையது உங்கள் அடுப்பில் இருக்கட்டும், புதியவை அவர்கள் மேசையில் இருக்கட்டும்.