கைப்பேசியில் வேதாகமம் இருக்கும்போது வசனங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேதாகமம் முழுவதும் கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்நாளில், வசனங்களை மனப்பாடம் செய்வதால் ஆவிக்குரிய பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். ஆனால் சிறுவயதில் நான் பழகிய முறையில் அல்ல.

தேவகோட்டையில் நான் போன ஞாயிறு பள்ளியில், ஒப்புவிக்கும் வசனங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். ஆகவே ஒரு வாரம் "இயேசு கண்ணீர் விட்டார்", அடுத்த வாரம் "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று சிறிய வசனங்களாகத் தேடிப் பிடித்தோம். பரிசாக வந்த சோப்பு டப்பா நினைவிருக்கும் அளவுக்கு அந்த வசனங்கள் என்னோடு தங்கவில்லை.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறர் வாசிக்கக் கேட்டே வேதாகமப் பாடல்களில் ஒன்றான 121-ஆம் சங்கீதத்தின் எட்டு வசனங்களையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்ட அவர், முழங்கால் வலியோடு திண்ணைப் படிகளில் இறங்கும்போதெல்லாம் "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்று முணுமுணுத்தபடியே இறங்குவார். அந்தச் சங்கீதத்தில் வரும் "ஒத்தாசை", கல்யாண வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போகும்போது அவர் புழங்கிய அதே சொல். முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று நாம் வாசிக்கும் இடத்திலுள்ள எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்ற பொருளும் உண்டு என்று பிற்பாடு அறிந்தபோது, எனக்கு நினைவு வந்தது அந்தப் படிக்கட்டுதான்.

பொருள் புரியாமல் மனப்பாடம் செய்வது வீண் என்பார்கள். நான் முழுவதும் ஒப்பமாட்டேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை, யாரும் என்னைத் தாழ்வாக நடத்த முடியாது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கத்தோலிக்க நண்பர் வீட்டில் இருந்த, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் "எனக்கேதும் குறையில்லை" என்று கண்ட பிறகே பொருள் விளங்கியது. நெஞ்சில் கிடந்ததால்தான் அந்தச் சொல் அதுவரை எனக்காகக் காத்திருந்தது.

ஆனால் துண்டு வசனங்களை மட்டும் சேர்த்து வைப்பதில் ஆபத்து உண்டு. "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வுக்கு முன் சொல்லிக்கொள்ளும் பலருக்கு, அதற்கு முந்தைய வசனத்தில் அதை எழுதிய பவுல் பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசுவது தெரியாது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தைப் பார்க்காமலேதான் சொன்னான், "உன் வழிகளிலெல்லாம்" என்பதை மட்டும் விட்டுவிட்டு! இயேசு மூன்று சோதனைகளுக்கும் வேதாகமத்தின் உபாகமம் என்ற நூலிலிருந்தே பதில் சொன்னார்.

ஆகவே முழு அதிகாரமாக, ஒரே மொழிபெயர்ப்பில், வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இப்போது நான் எடுத்திருப்பது 119-ஆம் சங்கீதம். அதன் 176 வசனங்களும், நம் ஆத்திசூடியைப் போல, எபிரெய எழுத்து வரிசையில் எட்டெட்டாக 22 பகுதிகளாய் அமைந்தவை; மாதத்துக்கு ஒரு பகுதி என்பது என் கணக்கு. காரைக்குடிக்குப் பேருந்தில் போகும்போது, முதல் பகுதியிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பார்ப்பேன். தற்போது ஐந்தாவது பகுதியில் நிற்கிறேன். நான்காவதில் இரண்டு வசனங்கள் இன்னும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.