பொடவுல (மண் வளையில) குட்டி போட்ட குள்ளநரிக்கு மருந்து வைக்கலாமா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் 2 ஏக்கர் கடலை, 30 நாட்டுக்கோழி, 8 வெள்ளாடு இருக்கு. பக்கத்து தரிசுல ஒரு பொடவுல நரி குட்டி போட்டிருக்கு, பூனையவிட கொஞ்சம் பெருசு, வால் நுனி கருப்பு. ஒரு வாரத்துல 5 குஞ்சு காணோம், 2 மாச ஆட்டுக்குட்டி ஒண்ணு பின்தொடை கிழிஞ்சு செத்துக் கெடந்துச்சு. கோழிக்குடல்ல குருணை மருந்து (பூச்சிக்கொல்லி விஷம்) கலந்து வச்சிரலாமா?

பதில்: அண்ணாச்சி, மருந்து மட்டும் வச்சிராதீங்க, கும்பிட்டு கேக்கேன். நீங்க சொல்லுத அடையாளத்துக்கு அது குள்ளநரி, ஊளையிடுத பெரிய நரி இல்ல. மிஞ்சிப்போனா 3, 4 கிலோ இருக்கும், அது எங்க போய் ரெண்டு மாச ஆட்டுக்குட்டிய சாய்க்க? பின்தொடைய கிழிச்சு திங்காம போட்டுட்டு போறது பெரும்பாலும் தெருநாய் வேலை, விடியக்காலம் பட்டிய சுத்தி பாருங்க, தடம் பெருசா கெடந்தா நாய்தான்.

குஞ்சு விஷயத்துல அதுக்கும் பங்கு இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா பகல்ல காணாம போச்சுன்னா பருந்து, கீரியத்தான் முதல்ல சந்தேகப்படணும், குள்ளநரி பகல் பூரா உடைமர நிழல்லயோ பொடவுலயோ படுத்துட்டு பொழுது சாயத்தான் கெளம்பும். அது திங்கது முக்கால்வாசி எலி, வண்டு, வெட்டுக்கிளி, கரையான், இலந்தைப்பழம் இப்படித்தான், கடலைக்காட்டுல எலி வெட்டுத வெட்டு உங்களுக்கே தெரியும், தரையில கெடக்க மயில் முட்டையையும் விடாது, அதுக்காகவே நான் அத வெரட்டமாட்டேன்.

அஞ்சரைக்கெல்லாம் கோழிய கூட்டுல அடைச்சிருங்க, குஞ்ச பஞ்சாரத்துல கவுத்தி மேல கல்ல வைங்க, கூட்ட சுத்தி வலைய ஒரு அடி மண்ணுக்குள்ள புதைங்க, ஏன்னா அது தோண்டும். பட்டிக்கு உடைமுள்ளு நெருக்கி அடைங்க, செத்த கோழிய வரப்புல வீசாம குழிதோண்டி புதைங்க, அந்த வாடைக்குத்தான் நாயும் நரியும் தேடி வருது.

பொடவ மூடவோ புகை போடவோ வேண்டாம். மாசி பங்குனியில போட்ட குட்டி ஆடி வாக்குல பிரிஞ்சு போயிரும், அப்பாவும் அம்மாவும் சேந்துதான் இரை கொண்டாந்து வளக்கும். 1972 வன உயிரின சட்டப்படி அத கொன்னா ஜெயிலு. எங்க பக்கத்து விளையில ஒருத்தர் மருந்து வச்சு நரி சாகல, அவர் வளத்த நாயும் ரெண்டு மயிலும்தான் செத்துச்சு, இன்னும் எனக்கு மனசு ஆறல.

ஒண்ணே ஒண்ணு பயப்படணும், பட்டப்பகல்ல தள்ளாடிட்டு ஆள பாத்தும் ஓடாம கிட்ட வந்துச்சுன்னா வெறியா இருக்கும், நெருங்காம வனத்துறைக்கு சொல்லுங்க. கடிச்சா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி, வீட்டு நாய்க்கு வெறிநாய் ஊசி போடலன்னா இந்த வாரமே போட்டுருங்க.