60 லட்சம் ரூபாயில் பழைய பாய்மரப் படகு வாங்குகிறோம்: வசதிகள் நிறைந்ததா, எளிமையானதா?

கேள்வியில் உள்ள விவரம் இது. காரைக்குடியில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதி. மலேசியாவின் லங்காவித் தீவில் 38 அடிப் படகு ஒன்றை வாங்கி, ஆண்டுக்குச் சில மாதங்கள் அந்தமான் கடலில் சுற்ற ஆசை. கையில் 60 லட்சம். இரண்டு படகுகள் விலைக்கு வந்திருக்கின்றன, இரண்டும் 48 லட்சத்தை ஒட்டியே. ஒன்றில் ஏசி, ஜெனரேட்டர், தேக்குத் தளம் எல்லாம் உண்டு. மற்றதில் அவை எதுவும் இல்லை, ஆனால் ரிக்கிங்கும் (பாய்மரத்தைத் தாங்கும் வடங்கள்) பாய்களும் புதியவை.

நான் கண்டனூர்க்காரன். லங்காவியில் படகுப் பட்டறையில் ரிக்கிங் வேலையும் மின் வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். யோசிக்காமல் சொல்வேன், இரண்டாவது படகு. காரணம் நீளமானது.

படகில் வாழ்பவர்கள் பெரும்பாலான நாட்களை நங்கூரமிட்ட இடத்தில்தான் கழிக்கிறார்கள். பாய் விரித்து ஓடும் நேரம் குறைவு. ஆகவே வசதி என்றால் முதலில் காற்றும் நிழலும். சந்தையில் கிடைக்கும் படகுகளில் பல ஐரோப்பியக் குளிருக்காக வரையப்பட்டவை. கதகதப்பாக மூடிக்கொள்ள அவை நல்லவை. நிலநடுக்கோட்டுக்கு ஆறு பாகை வடக்கில் ஏப்ரல் மாதம் அதற்குள் படுத்துப் பார்த்தால் தெரியும். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து வளவு வழியாகப் பின்கட்டு வரை காற்று நேராக ஓடுகிறதே, படகிலும் அப்படி ஒரு வழி வேண்டும். முன்பக்கத் திறப்பில் புகும் காற்று, நடுக்கூடத்தைக் கடந்து, பின்பக்கப் படி வழியாக வெளியேற வேண்டும். நங்கூரமிட்ட படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பி நிற்பதால் இது செலவில்லாமல் நடக்கும். திறப்புகள் பெரியவையாக இருந்தால் போதும்.

தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு ஆச்சி இதை என்னைவிட எளிதாகக் கண்டுபிடித்தார். படகைக் காட்டிய தரகர் மைக்ரோவேவையும் வெளிர்நிற மெத்தைகளையும் காட்டி, ஆறு பேர் தாராளமாகத் தூங்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆச்சி பதில் பேசாமல் முன்னறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் மல்லாந்து படுத்துவிட்டார். வெளியே வந்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. "தம்பி, ஆறு பேர் படுக்கலாம் சரி, ஒருவருக்காவது மூச்சு விடக் காற்று வேண்டாமா?" என்றார். வியாபாரம் அங்கேயே முடிந்தது.

ஏசி இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் போட்டுவிடுவோம். சிறிய படகு ஏசி ஓடும்போது ஏறத்தாழ 800 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் என்றால் ஆறரை யூனிட். படகின் பின்பக்கம் பொருத்திய 400 வாட் சூரியப் பலகை, நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேலே தரும். அதில் பாதி குளிர்பெட்டிக்கே போய்விடும். ஆகவே நங்கூரமிட்ட இடத்தில் ஏசி வேண்டுமென்றால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல், எண்ணெய், கடல்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம், அதைப் பழுதுபார்க்க ஆள். அத்துடன் பக்கத்துப் படகுக்காரரின் முறைப்பும். மரினாவில் (படகுகளைக் கட்டிவைக்கும் துறையில்) கரை மின்சாரத்தோடு கட்டிக்கிடந்தால் ஏசி அருமை. ஆனால் அதற்குப் படகு எதற்கு, அறை எடுத்துத் தங்கலாமே.

அந்தப் பணத்தைப் பலகைகளுக்கும் லித்தியம் பேட்டரிக்கும் போடுங்கள். ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் எண்பது சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். நான்கு மின்விசிறிகள், திறப்பின்மேல் கட்டும் காற்றுப் பிடிக்கும் துணி, உட்காரும் இடத்தின்மேல் நல்ல கூரைத் துணி. இவை போதும்.

தேக்குத் தளத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் பேசுவது கஷ்டம். பர்மா தேக்குத் தூண்களைத் தடவி வளர்ந்தவர்களுக்குத் தேக்கு என்றாலே கை தானாக நீளும். வீட்டுத் தூண் வேறு. பழைய படகுகளில் தேக்குப் பட்டைகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு திருகாணியும் தளத்தில் ஒரு துளை. அடைப்புப் பசை காய்ந்ததும் நீர் இறங்கி, கண்ணாடியிழை அடுக்குகளின் நடுவே உள்ள பால்சா மரத்தை ஊறவைத்துவிடும். காலால் மிதித்து நடந்து பாருங்கள், எங்காவது மெத்தென்று அமுங்கினால் விலையில் பல லட்சம் குறையுங்கள், அல்லது வந்துவிடுங்கள். மதிய வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது.

பணம் போக வேண்டிய இடம் ரிக்கிங். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்வார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் அதன் வயதைக் கேட்கும். வடத்தின் கீழ்முனையில் அழுத்திப் பொருத்திய குழல் போன்ற பகுதி இருக்கும். உப்புநீர் அங்கேதான் தேங்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடி அளவு கோடு ஒன்று நெடுக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் அந்த வடம் முடிந்தது. 38 அடிப் படகுக்கு முழுதும் மாற்ற நாலைந்து லட்சத்துக்குக் குறையாது, பாய்கள் தனி. உங்கள் இரண்டாவது படகில் இவை புதியவை என்பதை ஐந்தொகையில் வரவாக எழுதிக்கொள்ளுங்கள். ஏசியின் வயது மறுபக்கம் போகட்டும்.

படுக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நடுவில் அகன்ற கட்டில் நங்கூரத்தில் சொர்க்கம். படகு சாய்ந்து ஓடும்போது அதில் உருண்டுகொண்டே இருப்பீர்கள். பக்கவாட்டில் துணித் தடுப்பு கட்டிய குறுகிய பெஞ்சு ஒன்றாவது வேண்டும். லங்காவி, புக்கெட் என்று தீவு தீவாகப் பகலிலேயே போவதானால் இது பெரிதில்லை. நாகப்பட்டினம் வரை வருவதென்றால் 1,200 கடல் மைல், மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் பத்து நாள். வடகிழக்குப் பருவக்காற்று நிலைத்து வீசும் ஜனவரி, பிப்ரவரியில் வரலாம்.

இரட்டை உடல் கேட்டமரான் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சாயாது, இடம் தாராளம், காற்றோட்டமும் நன்று. ஆனால் அதே நீளத்துக்கு விலை பல நேரம் இரட்டிப்பை நெருங்கும், மரினா வாடகையும் அதிகம். உங்கள் பணத்துக்கு வராது. 36 அடி ஒற்றை உடல் படகில்தான் நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, 2022-இல் தொடங்கிய கோல்டன் குளோப் என்னும் தனியாள் பாய்மரப் பந்தயத்தில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். சிறியது என்று தயங்க வேண்டாம்.

தொண்டியில் கட்டிவைக்கலாமா என்றால், வேண்டாம். பாக் விரிகுடா ஆழமில்லாதது, உங்கள் படகின் கீல் (அடியில் நீண்டிருக்கும் பகுதி) இரண்டு மீட்டர் வரை இறங்கும். போதாததற்கு மீன்வலைகள், கடல் எல்லை. இந்தியக் கரையில் வேண்டுமானால் கொச்சி போல்காட்டியில் மரினா இருக்கிறது. இறக்குமதி வரியை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் படகைக் கரையேற்றி, தரகர் காட்டும் ஆளை விட்டு படகைச் சோதிக்க நீங்களே அமர்த்திய சர்வேயரை வைத்துப் பாருங்கள். 48 லட்சம் கேட்டால் 42-இல் பேச்சைத் தொடங்குங்கள். ஆண்டுப் பராமரிப்புக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளில் சொல்லும் கணக்கு, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பார்க்கப் போகும்போது வீட்டு அம்மாவையும் அழைத்துப் போங்கள், நடுப்பகலில்.