நானோ சிகிச்சைக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. மூன்று கீமோ முடிந்தது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் ஏஜென்ட், 'நானோ துகள் புற்றுச் செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டும், ஸ்கேனில் ஒளிரும், அப்படியே லேசரில் எரித்துவிடலாம், கீமோ வேண்டாம்' என்கிறார். மொத்தம் 18 லட்சம். இந்த வாரமே 3 லட்சம் அட்வான்ஸ். நிலத்தை விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். அட்வான்ஸும் கட்டாதீர்கள். அடுத்த கீமோ தேதியைத் தவறவிடாதீர்கள். முதலில் இதை வீட்டில் சொல்லிவிட்டு, அப்புறம் மீதியைப் படியுங்கள்.

மிக நுண்ணிய துகளில் மருந்தை ஏற்றி அனுப்பும் நானோ மருந்து என்பது பொய் இல்லை. டாக்ஸோரூபிசின் என்ற பழைய கீமோ மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து 1995-லேயே அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இதயத்துக்கு வரும் பாதிப்பு அதில் குறைவு. 2005-ல் பாக்லிடாக்சலை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்த துகள் வந்தது. அதில் ஒவ்வாமைத் தொல்லை குறைவு. இரண்டையும் நம் ஊரிலும் போடுகிறோம். ஆனால் இவை விலாசம் பார்த்துப் போகும் மருந்துகள் அல்ல.

விலாசம் எழுதி அனுப்பிய துகளும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இருக்கும் அதே ஹெர்-2 வகைக்கென்றே (புற்றுச் செல்லின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை) எம்எம்-302 என்று ஒன்றைச் செய்தார்கள். வழக்கமான கீமோவைவிடப் பலன் இல்லை என்று 2016-ல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு, விலங்குகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசியில் போன துகள்களில் கட்டியைச் சேர்ந்தது பாதிக்குப் பாதி ஆய்வுகளில் 0.7 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. நன்றாக இருக்கும் கல்லீரலும் ஸ்கேனில் ஒளிரும் என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்தப் படத்தைக் காட்டி 'பாருங்கள், மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது' என்றால் நம்பாதீர்கள். லேசர் ஒளியும் உடம்புக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. பரவிய நோயை அப்படி எரிக்க முடியாது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏஜென்ட்கள் இதைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். பரவிய புராஸ்டேட் புற்றுநோயில், பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறில் முதலில் கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி ஸ்கேன் எடுக்கிறோம். கட்டிகள் நன்றாக ஒளிர்ந்தால் மட்டும், அதே புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறில் லூட்டேசியம்-177 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளை ஏற்றிச் சிகிச்சை தருகிறோம். பார்த்துவிட்டு அடிப்பது அங்கே உண்மை. ஆனால் அது நானோ துகள் இல்லை, கதிரியக்க மருந்து. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும் இதுபோல உண்டு. உங்கள் அம்மாவின் நோய்க்கு அது பொருந்தாது. புராஸ்டேட் நோயாளி ஒருவரின் படத்தைக் காட்டி மார்பக நோயாளியிடம் பணம் வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

'இது ஆராய்ச்சிச் சிகிச்சை' என்று ஏஜென்ட் பேச்சை மாற்றினால், பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவும் சிடிஆர்ஐ என்ற மருந்துச் சோதனைகளுக்கான அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியை அனுப்பி டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-லேயே விதி போட்டாயிற்று. போட்டு என்ன பயன்? ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. நாங்கள் சொல்லாமல் விட்டதை ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்கிறான். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

என் கவலை வேறு. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால், விலாசம் பார்த்துப் போகும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது: டிராஸ்டுசுமாப். ஹெர்-2 புரதத்தைப் பிடித்து ஒட்டும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வகை. இந்தியாவிலேயே தயாராகிறது. உங்கள் கடிதத்தில் மூன்று கீமோ என்று இருக்கிறதே தவிர, இந்தப் பெயர் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் 'ஏன் போடவில்லை?' என்று நேராகக் கேளுங்கள். இதயம் பலவீனமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.