வெயிலில் முடி, புழுக்கத்தில் முடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெப்பமான ஊர்களில் வசிப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகாராகத்தான் தொடங்குகின்றன: முடி வறண்டுவிட்டது, நிறம் மங்கிவிட்டது, சீவிய சற்று நேரத்தில் பறக்கிறது. இதில் வெயில் செய்வது எது, காற்றிலுள்ள ஈரம் செய்வது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வெயில் முடியைச் சிதைக்கிறது. சிதைந்த முடியைப் பழையபடி ஆக்க முடியாது, சிதைவு வராமல் தடுக்கத்தான் முடியும். புழுக்கம் முடியின் வடிவத்தை மட்டும் குலைக்கிறது. அடுத்த முறை அலசிக் காயவைத்தால் அது போய்விடும். இரண்டுக்கும் ஒரே பாட்டிலில் மருந்து தேடுவதால்தான் பணமும் போகிறது, முடியும் போகிறது.

கேள்வி: வெயிலில் நின்று செய்யும் வேலை எனக்கு. கருகருவென்றிருந்த முடி நுனிப்பக்கம் செம்பட்டையாகி, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. இது எந்தச் சத்துக் குறைவு? மாத்திரை சாப்பிடலாமா?

மாத்திரைக்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. பிடரிப் பக்கம் மேல்முடியைத் தூக்கிவிட்டு, அடியில் மறைந்திருக்கும் ஒரு கற்றையை எடுங்கள். உச்சியிலிருந்து இன்னொரு கற்றை எடுங்கள். இரண்டின் நுனிகளையும் ஒன்றாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அடிக்கற்றை கருப்பாகவும் வழவழப்பாகவும் இருந்து, மேல்கற்றை மட்டும் வெளுத்திருந்தால் அது வெயிலின் வேலை. சத்துக் குறைவு மேல்முடி, அடிமுடி என்று பார்த்து வராது. வேரிலிருந்து புதிதாக வளரும் முடியிலேயே மாற்றம் தெரியும். அப்படித் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. உங்கள் முடி 36 செ.மீ. இருந்தால், அதன் நுனி சுமார் மூன்று வருட வெயிலைப் பார்த்திருக்கிறது. தோலை விட்டு வெளியே வந்த முடி உயிரற்ற புரதம். தோல் உரிந்து புதிதாக வருவதுபோல் முடிக்கு ஒரு வழியும் கிடையாது. அதனால் அத்தனை நாள் பாதிப்பும் நுனியில் அப்படியே சேர்ந்து நிற்கும்.

முடியின் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அவற்றின் மேல் இயற்கையான ஒரு கொழுப்புப் படலம் உண்டு. முடிக்கு வழவழப்பைத் தருவது அதுதான். புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்ற வகை பெரும்பாலும் இந்த மேல்பகுதியைத் தாக்குகிறது. படலம் போய், செதில்களின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். சொரசொரப்பு அங்கிருந்து வருகிறது. யுவிஏ என்ற வகை இன்னும் உள்ளே இறங்கி, கருமை தரும் மெலனினை வெளுக்க வைக்கிறது. செம்பட்டை அதனால்தான்.

இதற்கு நான் சொல்லும் முதல் மருந்து துணி. அகலமான விளிம்புள்ள தொப்பி, அல்லது நெருக்கமாக நெய்த துணி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியாத அளவுக்கு நெசவு இருக்கட்டும். முடியை விரித்துவிடாமல் தளர்வாகப் பின்னி, நுனியைத் தொப்பிக்குள்ளோ சட்டைக் காலருக்குள்ளோ செருகிக்கொள்ளுங்கள். முடியின் மிகப் பழைய பகுதி நுனிதான், பலர் அதைத்தான் வெளியே தொங்கவிடுகிறார்கள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இதை விடாதீர்கள். மேகம் போட்டிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும். வெளுத்த நுனியை இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடலாம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தேய்த்தால் வெயில் முடியைத் தாக்காது என்கிறார்களே?

அப்படி நம்பி வெயிலில் நிற்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திறன் எந்த எண்ணெய்க்கும் போதுமான அளவு இல்லை.

ஆனால் தேங்காய் எண்ணெயை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடிக்குள் இறங்கக்கூடியது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. அலசும்போது முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. எனவே அதன் இடம் குளியலுக்கு முன்னால். நடுமுடியிலிருந்து நுனி வரை தடவி, சில மணி நேரம் விட்டு, பிறகு ஷாம்பு போடுங்கள். வெளியே கிளம்பும்போது வழியவழியத் தேய்த்தால் தூசியும் வியர்வையும் ஒட்டுவதுதான் மிச்சம்.

கேள்வி: எஸ்பிஎஃப் 30 என்று போட்ட ஹேர் ஸ்ப்ரே வாங்கினேன். முடிக்கு அது போதுமா?

எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும் எண், அது தோலில் அளக்கப்படுவது. கதிர் பட்டால் தோல் எவ்வளவு நேரத்தில், எந்த அளவில் சிவக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். முடி சிவப்பதில்லையே! அதனால் முடிக்கு அந்த எண் எதையும் சொல்லாது. ஸ்ப்ரே ஒவ்வொரு இழையிலும் சீராகப் படிவதுமில்லை, வியர்வையில் கரைந்தும் போகும். தொப்பியோடு கூட ஒரு துணைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தொப்பிக்குப் பதிலாக வேண்டாம். வகிட்டுத் தோலில் படும் இடத்தில் மட்டும் அந்த 30க்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: குளித்துச் சீவி வெளியே வந்தால் சற்று நேரத்தில் முடி உப்பிப் பறக்கிறது. விலை உயர்ந்த ஈரப்பதம் தரும் சீரம் போட்டால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்ய?

சீரம் டப்பாவைத் திருப்பி, பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். முதல் நான்கைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். மிதமான காற்றில் அது நல்ல பிள்ளை. காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் வெளியிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து முடிக்குள் சேர்த்துவிடும்.

முடி ஏன் உப்புகிறது? முடியின் புரத இழைகளைப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை இங்கே முக்கியம். கந்தகப் பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விடும், காய்ந்ததும் மறுபடி பிடிக்கும். நீங்கள் சீவி நேராக்கியது இந்த இரண்டாவது வகையை நம்பித்தான். ஈரக்காற்று பட்டதும் அது விட்டு, முடியின் பிறவி வளைவில் திரும்பப் பிடிக்கிறது. ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு அளவில் வளைவதால் பறக்கிறது. முழுக்க நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை உறிஞ்சும். நீளம்கூட சுமார் 2 சதவீதம் கூடும். இந்தக் குணத்தை வைத்தே ஒராஸ் பெனடிக்ட் தெ சொசூர் என்ற சுவிஸ் அறிவியலாளர் 1783இல் மனித முடியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். ஆக, உங்கள் முடி உப்புவது நோயில்லை. முடி என்றால் அப்படித்தான்.

சரி, குறைக்க வழி உண்டு. கண்டிஷனரைத் தவறவிடாதீர்கள். அது செதில்களைப் படியவைக்கும், செதில்கள் படிந்திருந்தால் ஈரம் உள்ளே போவது தாமதமாகும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல், பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒத்தி எடுங்கள். முடி சொட்டுவது நின்று, இன்னும் நல்ல ஈரமாக இருக்கும்போதே டைமெத்திகோன் போன்ற சிலிகோன் உள்ள சீரத்தை இரண்டு சொட்டு உள்ளங்கையில் பரப்பி நுனிப்பக்கம் தடவுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: முழுக்கக் காயும் வரை முடியில் கை வைக்காதீர்கள். பாதி ஈரத்தில் கோதிக்கொண்டே இருந்தால், நூறு விதமாகக் கலைந்த வடிவத்திலேயே அது காய்ந்துவிடும். சுருள் முடிக்காரர்கள் புழுக்க மாதங்களில் நேராக்கும் போராட்டத்தை விட்டு, சுருளை ஒழுங்காக விழவைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். முடிக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

கேள்வி: அப்படியென்றால் பார்லரில் முடியை நேராக்கிப் படியவைக்கும் ஸ்மூதனிங் செய்துகொள்ளலாமா? ஆறு மாதம் கவலையில்லை என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். இந்தக் கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடு பட்டதும் அது வெளியேறும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்த ஒன்று அது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று விற்கப்படுபவற்றில் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பற்றி 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போடும்போது கண் எரிந்தாலோ, மண்டைத் தோல் காந்தினாலோ பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க ஹெல்மெட். மண்டை வியர்த்து அரிக்கிறது, பொடுகும் வருகிறது. தினமும் ஷாம்பு போட்டால் முடி கொட்டுமா?

கொட்டாது. குளிக்கும்போது கையோடு வருவது எப்படியும் உதிரவிருந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. வியர்க்கிற தலையை மென்மையான ஷாம்புவால் தினமும் அலசலாம். நுரை மண்டைத் தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. இதை மாற்றிச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. எல்லோர் தோலிலும் இருக்கும், எண்ணெய்ப்பசையைத் தின்று வாழும். அதனால் பொடுகு இருக்கும்போது மண்டையில் எண்ணெய் ஊறவைக்காதீர்கள். பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசுங்கள். போட்டவுடன் கழுவினால் பயனில்லை. நான்கு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவைத்துப் போடுங்கள். ஈரத் தலையில் மட்டும் ஹெல்மெட் மாட்டாதீர்கள்.

கேள்வி: காலையில் நேரமில்லை. ஈர முடியையே கொண்டை போட்டுக்கொண்டு போகலாமா?

வேண்டாம். நனைந்த முடி அதிகம் இழுபடும், சுலபத்தில் அறும். புழுக்கத்தில் கொண்டைக்குள் மாலை வரை ஈரம் அப்படியே நிற்கும். முடித்தண்டில் சிறு வெண்ணிற முடிச்சுகளாக ஒட்டும் வெண் பியட்ரா என்ற பூஞ்சைத் தொற்று இந்தச் சூழலில்தான் வரும். பேனின் ஈர் என்று பலர் ஏமாந்துவிடுவார்கள். முந்தைய நாள் மாலையே தலைக்குக் குளித்துக் காயவைத்துவிடுங்கள்.

கேள்வி: வெயில் காலம் முடியும்போது முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. வெயில் வேரைச் சுட்டுவிட்டதா?

வேர் தோலுக்குள் இருக்கிறது, அவ்வளவு தூரம் சுடாது. கோடையின் கடைசியிலும் அதை ஒட்டியும் உதிர்வு சற்றுக் கூடுவது பலரிடம் பார்க்கப்பட்ட பருவ மாற்றம். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இல்லாமல் குட்டையாக இருந்தால் உடைந்தது, அதற்குக் காரணம் வெயிலும் சீப்பும். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் உதிரும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவின் வெள்ளை முடி மஞ்சள் அடிக்கிறது.

வெள்ளை முடியில் மெலனின் இல்லாததால் கதிர் நேரே புரதத்தைத் தாக்குகிறது, மஞ்சள் அதனால் வருவது. ஊதா நிற ஷாம்பு வாரம் ஒரு முறை போட்டால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. மேலும் மஞ்சளாகாமல் இருக்கக் குடையோ தொப்பியோதான்.

கேள்வி: அப்பாவுக்கு வழுக்கை. வெயிலில் தோட்ட வேலை செய்கிறார். உச்சந்தலை சிவந்து பொருக்குத் தட்டுகிறது. எண்ணெய் தடவினால் போதும் என்கிறார்.

இந்தக் கடிதங்களில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். முடி கெட்டால் வெட்டிவிடலாம், மண்டைத் தோலை அப்படி விட முடியாது. முடி மறைக்காத உச்சந்தலையில் வருடக் கணக்கில் வெயில் பட்டால் புற்றுநோய்க்கு முந்தைய சொரசொரப்பான திட்டுகள் வரக்கூடும். விரலால் தடவிப் பாருங்கள். கண்ணில் படுமுன் விரலுக்குத் தெரியும், உப்புத்தாள் உரசுவதுபோல் இருக்கும். அப்படி ஒரு திட்டு இருந்தாலோ, ஒரு புண் நான்கு வாரமாகியும் ஆறாமலோ, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். அதுவரை வெளியே இறங்கும்போதெல்லாம் தொப்பி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும், வியர்த்தால் அதற்கு முன்பே. காதின் மேல்விளிம்பிலும் பிடரியிலும் தடவ மறக்காதீர்கள். முடி அடர்த்தியாக உள்ளவர்களும் வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றி எடுப்பது நல்லது.