மாட்டெலும்பை விடுங்கம்மா, அந்த ஊசியைப் பத்தி பல் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

நீடாமங்கலத்துலேர்ந்து எழுதியிருக்க அம்மாவுக்கு. பல்லு புடுங்கின குழியில வைக்கிற மாட்டெலும்பு பவுடர், அத நாய்க்கு வச்சுப் பார்த்த ஆராய்ச்சி, புதுப் பல்லுக்காகத் தாடையில வைக்கிற டைட்டானியம்னு பக்கம் பக்கமா எழுதிட்டு கடைசியில போற போக்குல ரெண்டு வரி போட்டிருக்கீங்க, எலும்பு பலத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவ ட்ரிப்ஸ்ல ஊசி ஏத்திக்கிறீங்க, கடவாப்பல்லு புடுங்கி ரெண்டு மாசம் தாண்டியும் அந்த எடத்துல நாக்கு பட்டா கூரா ஏதோ குத்துதுன்னு. எனக்கு அந்த ரெண்டு வரி போதும்.

வருஷத்துக்கு ஒண்ணுன்னா அது பெரும்பாலும் ஜோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம். பழைய எலும்பை அரிச்சு எடுக்குற செல்லை அது அடக்கி வைக்கும், அதனாலதான் இடுப்பெலும்பு, முதுகெலும்பு உடையாம இருக்கு. ஆனா பல்லு புடுங்கின குழி ஆறணும்னா தாடையில அதே செல்லு வேலை செஞ்சாகணும். சிலருக்கு அது நடக்காம ஈறு மூடாம எலும்பு வெளியில தெரிய ஆரம்பிச்சுடும். 2003லயே இத டாக்டருங்க எழுதிட்டாங்க. எட்டு வாரம் தாண்டியும் எலும்பு தெரிஞ்சா அத சாதாரண புண்ணுன்னு விட முடியாது. உங்க மாதிரி வருஷ ஊசி போடுறவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குக் கூட இது வராது, உங்களுக்கும் சின்ன எலும்புச் சில்லு ஒண்ணு தானா வெளிய வர்றதா இருக்கலாம், ஆனா எதுன்னு பார்த்துச் சொல்லாம அங்க எலும்பு பவுடர் வச்சு அடைக்கிற கிராஃப்ட்டும் வேண்டாம், டைட்டானியம் வச்சுப் பல்லு கட்டுற இம்ப்ளான்ட்டும் வேண்டாம்.

வலி இல்லையேன்னு இருக்காதீங்க, ஆரம்பத்துல வலியே இல்லாமலும் இருக்கலாம். மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல, சீழ் வச்சிருந்தாலும் அது மறைச்சுடும்மா! கிராம்புத் தைலம் வைக்காதீங்க, ஊக்கால நோண்டாதீங்க, வெறும் உப்புத்தண்ணி கொப்புளிங்க. வெத்தல சீவலோட பொகையிலையும் போடுவேன்னு எழுதியிருக்கீங்க, அந்தப் பொகையில இன்னியோட போகட்டும்.

பயந்துபோய் ஊசிய நீங்களா நிறுத்திடாதீங்க. அந்த மருந்து எலும்புக்குள்ள வருஷக்கணக்குல தங்கும், ஒரு டோஸ் தள்ளிப்போட்டதால தாடை உடனே மாறிடாது. ஒருவேளை உங்களுது ஆறு மாசத்துக்கு ஒண்ணு போடுற டெனோசுமாப்னா அத தள்ளிப்போட்டா முதுகெலும்பு நொறுங்குற அளவுக்குப் போகலாம். ஊசிய நிறுத்துறதும் தள்ளிப்போடுறதும் அத எழுதின டாக்டர் முடிவு பண்ற விஷயம்.

மாட்டெலும்பு பவுடர்னு நீங்க பயப்படுறதுல சதை, ரத்தம், புரதம் எல்லாம் எடுத்தாச்சு, மிச்சம் இருக்கறது வெறும் தாதுப்பொருள். மனசு ஒப்பலன்னா வேண்டாம்னு சொல்லுங்க, உங்க எலும்பையே எடுத்து வைக்கலாம், செயற்கையாவும் இருக்கு, இதக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. டைட்டானியத்தால கேன்சர் வரும்னு உங்க பையன் காட்டின வீடியோவ டெலீட் பண்ணுங்க. ஸ்வீடன்ல பிரோனமார்க்ங்குற டாக்டர் 1950கள்ல முயல் கால் எலும்புல டைட்டானியம் வச்சுப் பார்த்தப்போ அது எலும்போட ஒட்டிக்கிட்டு எடுக்கவே வரல, 1965ல மனுஷனுக்கு வச்சாரு, அன்னிலேர்ந்து எத்தனையோ பேர் வாயில இருக்கு. எம்ஆர்ஐ எடுக்கலாம், காந்தம் அத இழுக்காது.

நாய் ஆராய்ச்சி விஷயத்துல மட்டும் உங்க கேள்வி நியாயமானது. பல்லு புடுங்கினா வெளிப்பக்க எலும்பு சீக்கிரம் கரையும்னு நமக்குக் காட்டினதே அந்த நாய்ங்கதான், அதனாலதான் கிராஃப்ட்டே. ஆனா நாய்க்கு மனுஷன விட வேகமா எலும்பு வளரும், பெரும்பாலும் அதுங்க ஆரோக்கியமான நாய், சுகர் கெடயாது, இந்த ஊசி கெடயாது. எலும்பு வளர இத்தன மாசம்னு அதுல வந்த கணக்க அப்படியே உங்க தாடைக்குப் போட முடியாது.

இந்த வாரமே கெளம்புங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கோ சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போய் வாய் தாடை சர்ஜன் இருக்காங்களான்னு கேளுங்க. ஊசி போட்ட சீட்டு, கடைசியா எடுத்த சுகர் ரிப்போர்ட், இதுவரைக்கும் முழுங்கின மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக்கங்க. கீழ் உதடு மரத்துப்போச்சு, தாடை வீங்குது, சீழ் வருதுன்னா வாரமெல்லாம் கணக்கு கெடயாது, அன்னிக்கே போங்க.