அம்மா மடி யாருக்கு? கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்கு 3 வயது. தங்கை பிறந்து மூன்று வாரம். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியிருந்தவன் மறுபடி போகிறான். (பாம்பன்)

பதில்: ஓரிரு மாதத்தில் பெரும்பாலும் தானாகச் சரியாகும். திட்டாமல் துணியை மாற்றுங்கள். எரிகிறது என்று அழுதாலோ, ஓயாமல் தண்ணீர் கேட்டு இளைத்து வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெரியவன் பாப்பாவை அடிக்கிறான். என்ன செய்ய? (ஏர்வாடி)

பதில்: வயது எங்கே? ஒன்றரை வயது அடிப்பதும் நாலு வயது அடிப்பதும் ஒன்றல்ல. வயதைப் போடாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? எந்த வயதானாலும் கையைப் பிடித்துத் தடுங்கள், "அடிக்கக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள், திருப்பி அடிக்காதீர்கள். இரண்டையும் தனியே விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இனிமே உனக்கு அம்மா மடி கிடையாது", "தம்பியைத் தூக்கிட்டுப் போயிடவா?" என்கிறார்கள். ராத்திரியில் வீறிட்டு எழுகிறாள். (தொண்டி)

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இரண்டரை வயதுக்குக் கேலி எது, நிஜம் எது என்று தெரியாது. மடி கிடையாது என்றால் கிடையாது என்றே நம்பும். அம்மாவும் பத்து நாளாகப் படுக்கையில் சின்னதோடு இருக்கிறாள், சொன்னது சரிதான் போல என்று அதற்குத் தோன்றும். அப்புறம் அது தம்பியைக் கிள்ளினால், பேச்சைத் தொடங்கிவைத்தவர்களே "பொறாமை பிடித்த பிள்ளை" என்பார்கள்! வாசலிலேயே தடுங்கள். வருகிறவர் முதலில் மகளிடம் பேசட்டும், தம்பியை அவளே காட்டட்டும். மாமியாரிடம் சொல்லத் தயக்கமென்றால் கணவர் சொல்லட்டும். "நீ பெரிய பிள்ளை, விட்டுக்கொடு" என்று நீங்களும் சொல்லாதீர்கள். இரண்டரை வயது பெரிய பிள்ளை அல்ல. தினமும் கால் மணி நேரம் சின்னதைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, அவளை மட்டும் மடியில் வைத்திருங்கள்.

கேள்வி: 20 மாத மகன் மறுபடி தாய்ப்பால் கேட்கிறான். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். (மண்டபம்)

பதில்: தடவவே கூடாது. சின்னதும் அதே மார்பில்தான் குடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் கைக்குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்புவரை கொண்டுபோகும். சின்னது குடித்த பிறகு பெரியவனுக்கும் கொடுக்கலாம், தவறில்லை.

கேள்வி: சேலைத் தொட்டிலை மூத்தவள் ஆட்டலாமா? அவள் வாப்பா துபாயில், போனில் பாப்பாவை மட்டும் கேட்கிறார். (கீழக்கரை)

பதில்: உங்கள் கையும் தொட்டிலில் இருந்தால் ஆட்டலாம். தனியே விடாதீர்கள். வாப்பா முதல் ஐந்து நிமிஷம் மூத்தவளிடமே பேசட்டும்.

கேள்வி: பால்வாடி போகிற பெரியவனுக்கு இருமல். பாப்பாவுக்கு 20 நாள். (தேவிபட்டினம்)

பதில்: கையைக் கழுவிவிட்டுத் தொடட்டும், முத்தம் காலில் மட்டும். பெரியவனுக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். கக்குவான் இருமலுக்குப் பாப்பாவின் முதல் ஊசி 6 வாரத்தில்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ கைவைத்தியம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: விசைப்படகுத் தொழில். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பேன். பாப்பா பிறந்து ஒரு மாதம், மூத்தவனுக்கு 2 வயது. நான் என்ன செய்யலாம்? (தங்கச்சிமடம்)

பதில்: இப்படிக் கேட்கிற அப்பாக்கள் குறைவு, சந்தோஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறது. மூத்தவனின் குளியல், சோறு, தூக்கம் மூன்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி கடலுக்குப் போகிற அன்று அவன் தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். எழுப்பியாவது சொல்லிவிட்டுப் போங்கள்.